கடவுச்சீட்டில் முப்பத்தைந்து

கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறேன் என்பதை லண்டனில் ஒரு தமிழருக்கு விளங்கப்படுத்த எனக்கு இன்றுவரை வரவில்லை. கல்யாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கேட்பார்.

"தம்பி என்ன செய்யிறீர்?"

"பாஸ்கட்போல் விளையாடுறன், அண்ணை."

"நல்லது, உடம்புக்கு நல்லது. வேலை எங்க?"

"அதுதான் வேலை."

அவர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை அளப்பார். "உந்த உயரத்தோடையோ?" என்பார்.

என் உயரம் ஐந்தடி எட்டங்குலம். கார்ட் என்கிற இடத்தில் விளையாடுபவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய் உயரமானவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், கூடைக்குள் கையை விடுவது அவன் வேலை இல்லை என்று நான் சொல்லத் தொடங்குவேன். அதற்குள் பந்தி தொடங்கிவிடும். அவர் எழுந்து போகும்போது, தன் மச்சானின் சூப்பர்மார்க்கெட்டில் ஆள் தேவை என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் இதே பேச்சை ஐம்பது கல்யாணத்தில் பேசிப் பாருங்கள், தெரியும்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் இரண்டு கழகம், பெல்ஜியத்தில் ஒன்று, பிரான்சில் இரண்டு, பிறகு இங்கிலாந்தின் வடக்கே ஒன்று, அதன்பின் கிழக்கு லண்டன். தொலைக்காட்சியில் வராத அணிகள். செப்டம்பரில் வா, மே மாதம் போ என்கிற ஒரு பருவ ஒப்பந்தங்கள். அவர்களுடைய முதல் கார்டுக்குக் கால் முறிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து நடந்தால் எனக்குக் கைகொடுத்து அனுப்புவார்கள். பெல்ஜியத்தில் எனக்குத் தந்த அறை, வலைகளும் பாய்களும் போட்டு வைக்கிற களஞ்சியம். பிரான்சில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன், மண்டபக் கதவில் பூட்டு. கழகம் மூடியாகிவிட்டது, என் சப்பாத்து உள்ளே. அதைத் திரும்ப எடுக்க மூன்று வாரம் ஆனது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன வேலை காத்திருந்தது? கோழி வெட்டும் தொழிற்சாலை காத்திருந்தது. பருவங்களுக்கு நடுவில் அதையும் செய்தேன்.

இதில் களைத்துப்போனது நான் அல்ல. என் மனைவி. கல்யாணமாகி ஆறு ஆண்டுக்குள் அவள் ஐந்து வீட்டுக்குத் திரைச்சீலை வெட்டித் தைத்துவிட்டாள். ஒரு வீட்டு யன்னல் அளவு இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வசந்தத்தில், கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவில் மூன்றாம் மாடி பிளாட்டில் இருந்தோம். அவளுக்குப் பக்கத்து அப்டன் பார்க் பகுதியில் ஒரு சேலைக் கடையில் வேலை. அந்தக் கடைக்காரர் அவளை நம்பி சாவி கொடுத்திருந்தார். அது அவளுக்குப் பெரிய விஷயம். ஒரு நாள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இஞ்ச பாருங்கோ. நான் இனி ஒரு பெட்டியும் கட்டமாட்டன். நீங்கள் எங்க வேணுமெண்டாலும் போய் விளையாடுங்கோ. நான் பிளேஸ்டோவில இருப்பன்."

"அப்ப நான்?"

"லீவில வாங்கோ. சோறு தருவன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். லீக்ஸ் ஒரே அளவாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம்தான் கழகத்துக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். லிதுவேனியாக்காரர், சிரிக்கத் தெரியாதவர், பந்தைப் பற்றி மட்டும் பேசுபவர். இரண்டு மாதம் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மூலைக்கு அழைத்தார். அவருக்கு என் ஆட்டம் பிடித்திருந்தது. இளம் ஆட்டக்காரர்களை வைத்து அணி கட்டப் போகிறார், நடுவில் நின்று அவர்களை நிதானப்படுத்த ஒரு ஆள் வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கேட்கலாம் என்று நினைத்தாராம்.

இரண்டு ஆண்டு! பதின்மூன்று ஆண்டில் எவரும் எனக்கு அந்த எண்ணைச் சொன்னதில்லை.

"ஆனால் உன் கோப்பைப் பார்த்தேன்," என்றார். "உனக்கு முப்பத்தைந்து. முப்பத்தைந்து வயது கார்டுக்கு இரண்டு ஆண்டு என்று நிர்வாகக் குழுவிடம் போனால் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்."

"எனக்கு முப்பத்தொன்று," என்றேன்.

"எல்லா ஆட்டக்காரனும் நான்கு வயது குறைத்துத்தான் சொல்வான்."

"நான் குறைக்கவில்லை. கடவுச்சீட்டுத்தான் கூட்டியிருக்கிறது."

அவர் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தேன். கூட்டிவந்த ஏஜென்சிக்காரர், தனியாக வரும் சின்னப் பெடியனை விமான நிலையத்தில் மறிப்பார்கள் என்று எனக்கு இருபது வயது ஆக்கினார். ஜெர்மனியில் இறங்கியதும் விசாரணையில் பிறந்த தேதி கேட்டார்கள். உண்மையைச் சொல் என்று மொழிபெயர்ப்பாளர் கண்ணைக் காட்டினார். நான் பயத்தில், ஏஜென்சிக்காரர் பாடமாக்கித் தந்ததையே ஒப்பித்தேன். அகதி அட்டை, வேலை அட்டை, பிறகு ஜெர்மன் கடவுச்சீட்டு, எல்லாவற்றிலும் அதே தேதி ஏறிவிட்டது. ஒருமுறை திருத்தப் போனேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இடப்பெயர்வில் எங்கள் வீடே இல்லாமல் போயிருந்தது, அரச அலுவலகமான கச்சேரியிலும் அந்தப் பதிவு இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: நீங்கள் அன்றைக்குப் பொய் சொன்னீர்களா, இன்றைக்குச் சொல்கிறீர்களா? நான் அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பயிற்சியாளர் எல்லாவற்றையும் கேட்டார். "குழுவின் மேசையில் வைக்க எனக்கு ஏதாவது கொண்டு வா," என்றார். "பள்ளிக்கூடத்துக் கடதாசி, எதுவானாலும் சரி. இம்மாத முடிவுக்குள்."

பள்ளிக்கூடத்துக் கடதாசி என்றதும் எனக்கு எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் நினைவுக்கு வந்தார். தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்கிற ஊரில் கடை வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய ஆண்டு மலர்களையெல்லாம் சேர்த்து, பால் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவர். எந்த ஆண்டு எந்த வகுப்பில் யார் என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிளேஸ்டோவில் ரயில் ஏறி, விம்பிள்டனில் இறங்கி, டிராம் பிடித்து அவர் கடைக்குப் போனேன்.

அவர் மலரை எடுத்து விரித்தே விட்டார். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணி. படத்தில் முன்வரிசையில் நான், பந்தை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு. கீழே பெயர், வகுப்பு, ஆண்டு.

"இதை வச்சு நாங்கள் ஒரு கடிதம் எழுதித் தரலாம், தம்பி. லெட்டர்ஹெட்டில, சீல் குத்தி. ஒரு பிரச்சினையும் இல்லை."

"பெரிய உபகாரம், அண்ணை. படத்தையும் ஒரு கொப்பி எடுத்து..."

"எல்லாம் தரலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வந்து எங்களுக்கு விளையாடிப்போட்டுப் போமன்."

ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து, மிச்சத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து விளையாட்டுப் போட்டி நடத்தும். எனக்கு அது தெரியும். சம்பளத்துக்கு ஆடுகிறவன் என்பதால் அதுவரை போகாமல் தப்பியிருந்தேன். சரி, ஒரு ஞாயிறுதானே என்று தலையாட்டினேன். வயதுக் கட்டுப்பாடு இல்லாத ஓப்பன் பிரிவு என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் பிழை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் செயலாளர் மேற்சட்டையை நீட்டினார். முதுகில், ஆங்கிலத்தில், முப்பத்தைந்துக்கு மேல் என்று அச்சடித்திருந்தது.

"அண்ணை, இது வெட்ரன்ஸ்."

"ஓம்."

"எனக்கு முப்பத்தொண்டு. நீங்கள்தானே மலரைப் பார்த்தியள்!"

"அது கடிதத்துக்கு. இஞ்ச ரூல் பாஸ்போட். பாஸ்போட்டில உமக்கு முப்பத்தஞ்சு. ரூலுக்கு மாறா ஒண்டும் செய்யேல்லையே?"

"மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கெல்லோ, அண்ணை."

"மனச்சாட்சியோ? இந்த ஹோலுக்க நிக்கிற ஆக்களில ஆரின்ர பிறந்த தேதி சரி, சொல்லும் பாப்பம்? பாதிப் பேர் பேப்பரில ஜனவரி முதலாம் தேதி பிறந்தவை."

அது உண்மைதான். ஆத்திரப்படவும் முடியவில்லை. கடிதத்துக்கு இன்னும் சீல் குத்தவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. மேற்சட்டையைப் போட்டேன். அது எனக்கு முழங்கால்வரை வந்தது. எங்கள் அணியில் மற்ற எல்லோருக்கும் அது வயிற்றோடு நின்றது.

இறுதிப் போட்டிவரை என் வயதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒரு கணக்காளர், இரண்டு கடைக்காரர், பஸ் ஓட்டுபவர் ஒருவர். இவர்களுக்கு நான் பந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பிடித்தால் ஓட மாட்டார்கள். பஸ் ஓட்டுபவர் பந்தை வாங்கியதும், வரிசையில் ஆள் ஏறும்வரை காத்திருப்பதுபோல நின்றுவிடுவார். நடுவில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் மெதுவாக் குடும்," என்பார்கள். நான் கையை இழுத்து இழுத்து ஆடினேன். கூடையில் போடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அப்படியும் வென்றுகொண்டே இருந்தோம்.

இறுதிப் போட்டிக்கு எதிர்ப் பள்ளிக்கூடம் வந்தது. அவர்களின் தலைவர் கட்டையாக, தோள் அகன்று, இரண்டு முழங்காலிலும் தடித்த தோலோடு இருந்தார். பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்த டைல்ஸ் வேலைக்காரர் என்று பிறகு அறிந்தேன். பந்து மேலே எறியப்படுவதற்கு முன் அவர் என்னைக் கண்டார். இரண்டு அடி கிட்ட வந்து பார்த்தார். பிறகு நேராகப் போட்டிப் பதிவு மேசைக்குப் போனார்.

"உவனை வெளியால விடுங்கோ. உவன் சின்னப் பெடியன்."

மேசையில் இருந்தவர், "அவருக்கு வயசு காணும், அண்ணை. பதிஞ்சிருக்கு," என்றார்.

"என்ன பதிவு? நான் அண்டர் நைன்டீன் விளையாடின வருசம் உவன் அண்டர் தேர்ட்டீன். எங்கட கிரவுண்டில வச்சு எங்கட பெடியளைத் தனிய நிண்டு வெண்டவன். காற்சட்டைக்கு ஊசி குத்தியிருந்தவன். நான்தான் அண்டைக்கு ஸ்கோர் எழுதினனான். எனக்கும் உவனுக்கும் அஞ்சு வயசு வித்தியாசம்!"

ஊசி உண்மை. அந்தக் காற்சட்டையின் பொத்தான் அன்று காலை அறுந்துபோயிருந்தது. லண்டனில் என் உண்மையான வயது தெரிந்த ஒருவர், கேட்காமலே, நூறு பேர் முன்னால், ஆண்டோடும் ஆதாரத்தோடும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இதற்காகத்தான் ரயிலும் டிராமுமாக அலைந்தேன்.

செயலாளர் என் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேசைக்காரர் விரித்துப் பார்த்தார். "முப்பத்தஞ்சு முடிஞ்சுது, அண்ணை. ரூல் சரி."

"பாஸ்போட் என்ன பாஸ்போட்? நான் கண்ணால கண்டனான்!"

பார்வையாளர் பக்கமிருந்து ஒருவர் கத்தினார். "தோக்கப் போறம் எண்டு பயமோ?" சிரிப்பு எழுந்தது. இன்னொருவர், "கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார் மச்சான்," என்றார். டைல்ஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீர் சொல்லும். உமக்கு எத்தினை வயசு?"

எனக்கு என்ன பதில் வந்திருக்க வேண்டும் என்று தெரியும். வாயிலும் வந்தது. செயலாளர் என் தோளில் கையை வைத்தார், மெதுவாகத்தான் வைத்தார். நான், "பாஸ்போட்டில இருக்கிறதுதான், அண்ணை," என்றேன்.

அவர் ஆட்டத்துக்கு வந்தார். ஆட்டம் முழுக்க என்னைத் தானே மறித்தார். முப்பத்தாறு வயதில், அந்த முழங்கால்களோடு, ஒவ்வொரு பந்துக்கும் ஓடினார். நாங்கள் வென்றோம். கைகொடுக்க வரிசையில் நின்றபோது என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கைகொடுத்தார்.

இதற்குப் பிறகாவது கடிதம் வந்திருக்க வேண்டும் அல்லவா? மறுநாள் மறுபடியும் ரயில், மறுபடியும் டிராம். செயலாளர் கடையில் வெற்றிக் கிண்ணத்தைக் கல்லாவுக்கு மேலே, சிகரெட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் தேநீர் ஊற்றினார். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, கடிதம் எண்டது இப்ப கொஞ்சம் சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"நேற்று சங்கத்தின்ர பேரில, உமக்கு முப்பத்தஞ்சுக்கு மேல எண்டு நான் கையெழுத்து வச்சுக் குடுத்திருக்கிறன். இண்டைக்கு அதே லெட்டர்ஹெட்டில முப்பத்தொண்டு எண்டு எழுதினா? நாளைக்கு அது அவையின்ர கையில போனா? சங்கத்தின்ர மானம் என்ன ஆகிறது?"

"அண்ணை, நீங்கள்தானே என்னை விளையாடச் சொன்னியள்!"

"ஓம், நல்லா விளையாடினீர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"படத்தின்ர கொப்பியையாவது தாங்கோ."

"அதிலயும் வருசம் இருக்கே," என்றார், உண்மையான வருத்தத்தோடு. அந்த வருத்தம்தான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. மனிதர் ஏமாற்றுக்காரர் இல்லை. யோசித்து யோசித்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். தேநீரைக் குடிக்காமல் வெளியேறினேன். பிறகு டிராம் தரிப்பில் நிற்கும்போது, குடித்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றைத்தான் கேட்டாள்.

"உண்மையைச் சொன்ன மனிசன் எங்க இருக்கிறார்?"

"ஆரு?"

"அந்த ஊசிக் கதை சொன்னவர். அவரைப் பொய்யர் ஆக்கிப்போட்டு வந்து இஞ்ச நிண்டு மூஞ்சையை நீட்டுறியள். உங்களுக்கு விசரே? கடிதம் எழுதக்கூடிய ஆள் அவர்தானே!"

அவர் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு மீன் கடைக்குத் தரை போடுகிறார் என்று அவளே சேலைக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் பகல் பயிற்சி முடிய அங்கே போனேன். கடை பாதி வெறுமையாக இருந்தது. அவர் மண்டியிட்டு, நூல் பிடித்து, சாம்பல் நிறத் தட்டுகளைப் பதித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"காலை அங்க வையாதேயும். ஈரம்."

நான் வாசலிலேயே நின்றேன். வந்த காரியத்தைச் சொன்னேன். ஏஜென்சிக்காரர், ஜெர்மனி, பயிற்சியாளர், இரண்டு ஆண்டு, மனைவி கட்டமாட்டேன் என்ற பெட்டி, எல்லாம். அவர் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், "அந்த வாளிப் பசையைக் கலக்கும், இறுகப் போகுது," என்றார். கலக்கினேன். நான் கலக்கிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அடியிலயிருந்து கலக்கும். பந்து மட்டும்தான் தட்டத் தெரியுமோ?"

"அண்ணை, ஒரு கடிதம். அண்டைக்கு நீங்கள் கண்டதை மட்டும் எழுதினாக் காணும்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எழுதலாம். எனக்கென்ன? ஆனா நூறு பேருக்கு முன்னால அதே கதையைச் சொல்லேக்க நீர் என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டு நிண்டனீர். என்ர மகள் வந்திருந்தவள். வீட்ட போகேக்க காருக்க வச்சுக் கேட்டாள், அப்பா ஏன் சும்மா சண்டை பிடிச்சனீங்கள் எண்டு. அவளுக்கு நான் என்ன சொல்லுறது? பொய்யன் எழுதின கடிதத்தை உம்மட கோச் என்ன செய்வார்?"

வாளியைக் கலக்கினேன்.

"போன் வச்சிருக்கிறீரோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப எடும்."

மேசைக்காரரின் இலக்கத்தை அவரே சொன்னார். நான் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எனக்கு முப்பத்தொரு வயது என்றும், எதிர் அணித் தலைவர் சொன்னது அத்தனையும் உண்மை என்றும், நான்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்றும் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் மூன்று முறை, "இப்ப ஏன் இதைச் சொல்லுறியள்?" என்று கேட்டார். அதுதான் எனக்கும் விளங்கவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் செயலாளரின் அழைப்பு வந்தது. காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தும் கேட்டது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சங்கத்தை விற்றுவிட்டேன், இனி அந்தப் பக்கம் வரக்கூடாது, பள்ளிக்கூடத்துக்கே துரோகம். டைல்ஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பதித்தார்.

"தேத்தண்ணி தந்தவரோ உமக்கு?" என்றார்.

"தந்தவர்."

"தருவார். எங்கட ஆக்கள் எல்லாரும் தருவினம்."

பிறகு கையைக் கழுவிவிட்டு, வெளியே நின்ற தன் வான் வண்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அவரிடம் இருந்த ஒரே கடதாசி, வாடிக்கையாளருக்கு விலை எழுதிக் கொடுக்கும் தாள். மேலே குளியலறை, சமையலறை, தரை என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, ஓரத்தில் ஒரு குளிக்கும் தொட்டியின் படம். அதில் எழுதினார். எந்த ஆண்டு, எந்த மைதானம், எந்தப் பிரிவு, தான் எழுதிய ஸ்கோர், ஊசி உட்பட. முடிவில் தன் கம்பனி முத்திரையைக் குத்தினார். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை. எனக்கும் தெரியாது.

மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு அதைப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். அவர் குளிக்கும் தொட்டியை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கடிதத்தைப் படித்தார், மறுபடியும் படித்தார்.

"இந்த ஆட்டத்தில் நீ தனியாக முப்பத்திரண்டு புள்ளி எடுத்தாயா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறார்."

"இப்போது ஏன் எடுப்பதில்லை?"

கடிதத்தைக் குழுவின் மேசையில் வைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தான் நம்பினாராம். குழுத் தலைவரும் நம்பினாராம். ஆனால் காப்புறுதிக் கம்பனிக்குக் கடவுச்சீட்டுத் தேதிதான் கணக்கு, அதை எவர் கடிதமும் மாற்றாது. முப்பத்தைந்துக்கு மேல் உள்ள ஆட்டக்காரருக்கு ஒரு ஆண்டுதான் எழுதலாம். அவர் வாதாடியிருக்கிறார். ஒரு ஆண்டு, ஆனால் அடுத்த ஆண்டு என்னை வைத்திருப்பதா என்பதைக் குழு அல்ல, பயிற்சியாளரே முடிவு செய்வார் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

"இது முன்னமே தெரிந்திருந்தால் கடிதமே கேட்டிருக்க மாட்டீர்களே?" என்றேன்.

"இது எனக்கும் நேற்றுத்தான் தெரியும்," என்றார்.

மூன்று முறை டிராம், ஒரு கிண்ணம், ஒரு சங்கம், ஒரு வாளிப் பசை. எல்லாம் போய், எப்போதும் போல ஒரு ஆண்டு. கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தபோது மனைவி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டோ, ரெண்டோ?"

"ஒண்டு. அடுத்தது கோச்சின்ர கையில."

"அந்த மனிசன் இருப்பாரோ?"

"இருப்பார் போலத்தான் கிடக்கு. சிரிக்கிறேல்லை, ஆனா இருப்பார்."

அவள் ஒரு சட்டையை முடித்து மடித்தாள். "சரி, நான் எப்பிடியும் இஞ்சதான் இருக்கப் போறன். நீங்களும் இருக்கிறதெண்டா இருங்கோ. கிரீன் ஸ்ட்ரீட்டில ஒரு டீப் ஃப்ரீசர் பார்த்து வச்சிருக்கிறன், பெரிசு. கடைக்காரர் மூண்டு மாடி ஏத்த ஏலாது எண்டிட்டார். அந்த டைல்ஸ் அண்ணையிட்ட வான் இருக்கெல்லோ?"

"அவரையோ? இவ்வளவும் நடந்த பிறகோ?"

"கேட்டுப் பாருங்கோ. வாய் இருக்குத்தானே, ஆறுதலாத்தான் திறக்கும், ஆனா இருக்கு."

அழைத்தேன். ஒப்பந்தம் என்னவாயிற்று என்று அவர் முதலில் கேட்டார். சொன்னேன். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், காப்புறுதிக் கம்பனியைப் பற்றி. பிறகு ஃப்ரீசர் எத்தனை அடி என்று கேட்டார்.

"சனிக்கிழமை வாறன்," என்றார். "ஆனா படியில நீர்தான் கீழ்ப்பக்கம் பிடிக்கோணும். பாரம் எல்லாம் கீழதான் வரும். நீர் என்னைவிட அஞ்சு வயசு சின்னன், நான் எழுதியே தந்திருக்கிறன்."

சனிக்கிழமை கீழ்ப்பக்கம் பிடித்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலே நின்று மனைவி இடம், வலம் என்று கத்தினாள். நாங்கள் இருவரும் அவளுக்கு எதிர்த்திசையில் திருப்பினோம். அரை மணி நேரம் ஆனது. சுவரில் ஒரு நீளக் கீறல் விழுந்தது; வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சில் வந்து கேட்டால் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.